மேஜை டிராயருக்குள் ஒரு பட்டன் போன்

அன்பு மகள் பர்வீனுக்கு,

போன வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, என்னிடமிருந்த மூன்று நீட்டு நோட்டுகளையும் லாரி புக்கிங் சங்கத்து ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அதிலிருந்த நம்பர் அத்தனையையும் பொது ஆப்பில் ஏற்றியாகிவிட்டது. லாரிக்காரர்கள், அரிசி ஆலைகள், நாமக்கல் கோழித்தீவனக் கம்பெனிகள், பாலக்காட்டு மண்டிகள், ஒன்றுகூட மிச்சம் இல்லை. நான் வாசிக்க வாசிக்க ஒரத்தநாட்டு ராஜேந்திரனின் மருமகள் தட்டினாள். சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் ஆயிற்று. யாரும் என் கழுத்தைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் எனக்கு ஒரு இடம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் நான் வைத்திருந்ததை, அந்தப் பெண் நடுநடுவே முறுக்கு தின்றுகொண்டே ஏற்றி முடித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நீ போன் செய்தாய். இரண்டு மாதத்தில் நீயாகச் செய்த முதல் போன். “நம்பரெல்லாம் ஏத்திட்டீங்களாமே அத்தா” என்றாய். “சந்தோஷம்தானேம்மா?” என்றேன். “வேற வழி இல்லாம ஏத்தினதுக்கு எதுக்கு சந்தோஷம்?” என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இன்னும் நாப்பது நாள்ல நிக்காஹ். சபையில எனக்காக நீங்கதான் சம்மதம்னு சொல்லணும். இதே மாதிரி ஒரு சபையில ஏற்கெனவே ஒரு சம்மதம் சொன்னீங்களே, அது என்னாச்சு? உங்க தம்பி, சின்னத்தாவையே நிக்கச் சொல்லிடலாமான்னு யோசிக்கிறேன்.” கடைசியில் நீயே இரண்டு காரியம் சொன்னாய். நடந்ததை என் கையால் எழுத வேண்டும், நீ மட்டும் இல்லை, ஒன்பது புக்கிங் ஆபீஸ்காரர்களும் படிக்கிற மாதிரி. பிறகு உன் சினேகிதி திருவிடைமருதூர் கலைச்செல்வியிடம் போக வேண்டும், அவள் என்ன கேட்கிறாளோ அதற்கு ஒத்துக்கொண்டு வர வேண்டும். அவள் சரி என்றால் நான் சபையில் நிற்கலாம். எழுதிக்கொண்டிருக்கிறேன் தாயி. பெற்றவன் மகளுக்கு எழுதுகிற கடிதத்தை ராஜேந்திரன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பான். படிக்கட்டும்.

நான் பூதலூர் ரோட்டில் ஒரு எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன். பத்தாவது ஃபெயில். எடைமேடையில் உட்கார்ந்தவனுக்கு எந்த லாரி பாரத்தோடு போகிறது, எது காலியாகத் திரும்புகிறது என்று தெரியும். ஒருநாள் நாமக்கல் டிரைவர் ஒருத்தர், சிமெண்டு இறக்கிவிட்டுத் திரும்புகிறவர், “போறப்ப காத்தைத்தான் ஏத்திக்கிட்டுப் போறேன் தம்பி” என்று அலுத்துக்கொண்டார். அதற்கு அரை மணி முன்னால்தான் ஒரு ஆலைக்காரர், நாமக்கல்லுக்குத் தவிடு அனுப்ப வண்டி கிடைக்கவில்லை என்று அதே இடத்தில் நின்று திட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டு பேரையும் சேர்த்துவிட்டேன். ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்தார்கள். என் ஒருநாள் கூலியைவிட அதிகம். மறுவாரம் அதே டிரைவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, நேரே ஆலைக்கே போய்விட்டார். அவருக்கு இப்போது ஆலையைத் தெரியும், ஆலைக்கு அவரைத் தெரியும், நடுவில் நான் எதற்கு? அன்றைக்குப் படித்த பாடத்தில்தான் நம் வீடு கட்டினோம், உன்னைப் படிக்க வைத்தோம். லோடு வைத்திருப்பவனுக்கும் லாரி வைத்திருப்பவனுக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத வரைக்கும்தான் எனக்குச் சோறு.

அதனால் எங்கள் தொழிலில் சில பழக்கங்கள் வந்தன. டிரைவரிடம் ஆலையின் பெயரைச் சொல்லமாட்டோம். “பங்க் பக்கத்துல நில்லு, ஆள் வரும்” என்போம். ஆள் டி.வி.எஸ்ஸில் வந்து முன்னால் போவான், லாரி பின்னால் வரும். லோடு ஏறி முடிகிற வரைக்கும் டிரைவரை ஆலைக்காரரோடு டீ குடிக்க விடமாட்டான். நோட்டில்கூட ஆலையின் பேர் இருக்காது. பத்து வயசில் நீ என் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, “அத்தா, ‘பச்சை கேட்’டுன்னா யாரு? ‘ஒத்தப் பனை’ன்னா யாரு?” என்று கேட்டாய். “அதெல்லாம் அத்தாவோட சினேகிதங்க” என்றேன். “சினேகிதங்களுக்குப் பேர் இல்லையா?” என்றாய். உங்கம்மா அடுப்படியில் இருந்தபடி, “நல்லா கேளு புள்ள, என் பேரையும் எதுல ‘மஞ்சச் சுவரு’ன்னு எழுதி வச்சிருக்காரோ” என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது யோசித்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மறைப்பது கையோடு வந்துவிட்டால் எதை மறைக்கிறோம் என்ற கணக்கே போய்விடும். எனக்குச் சர்க்கரை இருப்பதை உங்கம்மாவிடம் மூன்று வருஷம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. மாத்திரையை ஆபீஸ் டிராயரில் வைத்திருந்தேன். பெருநாள் அன்றைக்கு அவளே பாசத்தோடு இரண்டாம் முறை ஃபிர்னிப் பாயசம் ஊற்றினாள், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, குடித்தேன், மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் உங்கம்மா அழவில்லை. “என் கையாலேயே உங்களுக்கு விஷம் ஊத்த வச்சீங்களே” என்றாள். நீ புகுந்த வீட்டுக்குப் போகப்போகிறவள், அதனால் சொல்கிறேன். பொய் சொன்னால்கூட என்றைக்காவது பிடிபட்டு ஒரு சண்டையோடு முடியும். சொல்லாமல் விட்டது அப்படி முடியாது. அது நம்மைச் சுற்றி இருக்கிறவர்கள் கையாலேயே நமக்கும் அவர்களுக்கும் கெடுதல் செய்ய வைக்கும். மயங்கி விழுந்தபோதே எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். மாத்திரை டிராயரிலிருந்து வீட்டுக்கு வந்தது. அந்த இடத்தில் பட்டன் போன் உட்கார்ந்தது.

அந்தக் கதைக்கு வருகிறேன். வெளியூர்க் கம்பெனிகளின் ஆப்கள் வந்து டிரைவர்களை ஒவ்வொருத்தராக இழுத்துக்கொண்டு போன சமயம். நாம் ஒன்பது ஆபீசும் சேர்ந்து சொந்தமாக ஒரு பொது ஆப் வைக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்று சொன்னவளே நீதான். சென்னையில் சரக்குக் கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தாய். “பொம்பளப் புள்ளைய லாரி ஆபீசுல உக்கார வைக்கிறீங்களே பாய்” என்று கேட்டவர்களிடம், “உங்க பையனை அனுப்புங்க, கணக்கு கத்துக் கொடுப்பா” என்றேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஹோட்டல் மாடியில் கூட்டம் போட்டோம். ராஜேந்திரன் எகிறினான். “என் அடுப்புல அடுத்தவன் சோறாக்குறதா?” நீ சளைக்கவில்லை. “மாமா, இப்ப ஒரு லாரிக்கு ஒன்பது பேரும் போன் பண்றீங்க. அந்த டிரைவர் ஒருத்தர் போனையும் எடுக்குறதில்ல. அடுப்பு ஒன்பது இருக்கு, அரிசி வெளியூர் போயிடுச்சு.” எல்லாரும் சிரித்தார்கள், ராஜேந்திரன் உட்பட. விதி சுலபமானது. லோடு தெரிந்த உடனே திரையில் போட வேண்டும், காலி லாரி தெரிந்த உடனே போட வேண்டும், லோடு கொண்டுவந்தவனும் லாரி கொண்டுவந்தவனும் கமிஷனைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் யார் ஒத்துக்கொள்வது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று “சம்மதம்” என்றேன். மூத்தவன் சொல்லிவிட்டான் என்று மற்ற எட்டுப் பேரும் சொன்னார்கள். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னொரு தரம் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

கூட்டம் முடிந்த மறுநாளே ஒரு பட்டன் போன் வாங்கினேன். புது சிம். வேண்டிய டிரைவர்கள் நாற்பது பேருக்கும், வேண்டிய ஆலைகள் ஏழுக்கும் மட்டும் அந்த நம்பரைக் கொடுத்தேன். தவிடு, கேரளா அரிசி போன்ற நல்ல லோடெல்லாம் அதில். இரண்டு நாள் இறக்காமல் லாரியைக் காய வைக்கிற பார்ட்டி, வாய்க்கால் கரையில் வண்டி புதைகிற ஊர், வாடகைக்கு மல்லுக்கட்டுகிற ஆள், இதெல்லாம் உன் திரையில். நான் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். எட்டுப் பேரும் ஆளுக்கொரு பட்டன் போன் வாங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. உன் திரை முழுக்கக் கழிவு. லாரிக்காரன் பார்த்தான், ஒதுங்கிப் போனான். நீ தப்பு ஆப்பில் இருக்கிறது என்று நினைத்தாய். இரண்டு மாசம் மாற்றி மாற்றி எழுதினாய், டிரைவர்களுக்குப் புரியவில்லையோ என்று எழுத்தைப் பெரிதாக்கினாய், குரலில் பேச வைத்தாய். கண் சிவக்கத் தப்பைத் தேடினாய். தப்பு உன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. “சாப்பிட்டுட்டுப் பாரும்மா” என்று பிஸ்கட் வாங்கிக் கொடுத்தது.

உன்னை முழுசாக நம்பியவள் ஒருத்தி இருந்தாள். கும்பகோணத்தில் உன்னோடு படித்த கலைச்செல்வி. அவள் அப்பா மற்றவர் வயலில் கூலிக்குப் போனவர். அவள் குத்தகைக்கு நிலம் எடுத்து, தெருவில் இருபது குடும்பத்தைச் சேர்த்து, குறுவை நெல்லைத் தரகர் இல்லாமல் நேராக ஆலைக்கு விற்க ஏற்பாடு செய்திருந்தாள். வண்டிக்கு வேறு யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. “நம்ம பர்வீனோட ஆப் இருக்கே.” ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆறு லாரி வேண்டும் என்று போட்டாள். அறுத்த நெல் ரோட்டோரம் குவிந்து கிடக்கிறது, மழை வரும் போலிருக்கிறது என்றும் சேர்த்துப் போட்டாள். நான் அதைப் பார்த்தேன் பர்வீன். பார்க்கவில்லை என்று உன்னிடம் அன்றைக்குச் சொன்னது பொய். பார்த்தேன். என் கையில் நாலு லாரி காலியாக இருந்தது. மறுநாள் பாலக்காட்டுக்கு அரிசி ஏற்றுவதற்காக அவற்றைப் பிடித்து வைத்திருந்தேன். திருவிடைமருதூர் லோடுக்கு விட்டால் ஒருநாள் போய்விடும், பாலக்காட்டுப் பார்ட்டி கை நழுவிவிடும். வேறு எவனாவது கொடுப்பான் என்று நினைத்தேன். எட்டுப் பேரும் அதையேதான் நினைத்தார்கள். சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பாலக்காட்டுப் பார்ட்டியும் மழையைச் சொல்லித் தள்ளிப்போட்டான். என் லாரிகள் எதற்கும் உதவாமல் பைபாஸில் நனைந்துகொண்டு நின்றன.

வெள்ளிக்கிழமை கலைச்செல்வி நம் ஆபீசுக்கு வந்தாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததை உன் மேஜையில் அவிழ்த்துக் கொட்டினாள். நெல், ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை. “ஆலைக்காரன் வேணாம்னுட்டான். கோழிக்குப் போடச் சொல்றான்” என்றாள். “இருபது வீட்டுக்கு நான் என்னடி பதில் சொல்றது?” நீ எழுந்து நின்று அவள் கையைப் பிடித்தாய். “அன்னிக்கு ஒரு வண்டிகூட காலி இல்லடி. திரையில இருந்தா நான் விடுவேனா? என் ஆப்லதான் ஏதோ கோளாறு, மன்னிச்சுக்க” என்றாய். அந்த நேரத்தில் டிராயருக்குள் பட்டன் போன் அடித்தது. எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது. நீதான் டிராயரைத் திறந்தாய், நீதான் அமுக்கினாய். அந்தப் போன்களுக்குக் குரல் பெரிசு. “பாய், நான் சேகர் பேசுறேன். திங்கக்கிழமையிலேருந்து நாலு வண்டியும் காலியாவே நிக்குதுங்க. பாலக்காட்டு லோடு உண்டா இல்லையா, சொல்லுங்க பாய்.”

கலைச்செல்வி என்னைத் திட்டவில்லை. நெல்லை ஒரு மணி விடாமல் திரும்ப முந்தானையில் அள்ளிக்கொண்டு போனாள். நீயும் கத்தவில்லை. “ரெண்டு மாசமா நான் என்னைத்தான் திருத்திக்கிட்டு இருந்தேன் அத்தா” என்றாய். அவ்வளவுதான். சனிக்கிழமை காலை ரயிலில் சென்னைக்குப் போய்விட்டாய்.

நீ போன பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை. முளைத்த நெல் கதை ஊரெல்லாம் பரவிற்று. ஆலைக்காரர்கள் கூடிப் பேசி, திரையில் தெரியாத லாரிக்கு இனிமேல் லோடு கிடையாது என்றார்கள். ராஜேந்திரன்தான் முதலில் பயந்தவன், அவன்தான் முதலில் எல்லாவற்றையும் ஏற்றினான். அவன் ஏற்றியதைப் பார்த்து ஏழு பேர் ஏற்றினார்கள். நான் மட்டும் பட்டன் போனோடு உட்கார்ந்திருந்தேன். சேகர்கூட, இருபது வருஷப் பழக்கம், “ஆப்ல போடுங்க பாய், அதுல எடுத்துக்கிறேன்” என்றான். போன் அடிப்பது குறைந்து, ஒருநாள் அடிக்கவே இல்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். முழுசாக இருந்தது. வெளியே போகலாம் என்றால் இந்த வயசில் எடைமேடைக்கா போவது? உள்ளே போகலாம் என்றால் நோட்டைக் கொடுக்க வேண்டும். நோட்டைக் கொடுத்துவிட்டால் நான் என்ன, சட்டை போட்ட நாற்காலி. நடுவில் ஒரு வெளியூர்க் கம்பெனிக்காரன் வந்தான். அந்த மூன்று நோட்டுக்கும் மொத்தமாக ஒரு தொகை சொன்னான். கொடுத்திருந்தால் ஒன்பது ஆபீசும் காலி. கொடுக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை தாயி, உன்னிடம் அந்த வேஷம் வேண்டாம். வாங்கின மறுநாள் அவன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு நேரே போய்விடுவான் என்று தெரியும். நாமக்கல் டிரைவர் ஒருத்தர் எனக்கு அதை ஏற்கெனவே கற்றுக் கொடுத்திருக்கிறார். ஆகவே வியாழக்கிழமை நடந்தது மனம் திருந்தி நடந்தது இல்லை. போக வேறு இடம் இல்லாமல் நடந்தது. நீ போனில் சொன்னது சரி.

நேற்று திருவிடைமருதூர் போனேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் சம்பா பால் பிடித்து நிற்கிறது. கலைச்செல்வி வாசலில் நாற்காலி போட்டாள். தெருவிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். “என்ன பாய், லாரி எங்கயும் புதைஞ்சு போச்சா, நீங்களே நடந்து வந்திருக்கீங்க?” என்றாள் ஒரு அம்மா. நான் நஷ்டத்துக்கு ஒரு தொகை சொன்னேன். “அதைக் கொடுங்க, வேணாம்னு சொல்லமாட்டோம்” என்றாள் கலைச்செல்வி. “ஆனா அது போன குறுவைக்கு. வர்ற சம்பாவுக்கு என்ன சொல்றீங்க?” அறுவடை அன்றைக்கு லாரி வரும் என்றேன். “திரையில போட்டா வரும்னுதான் போன தடவையும் நம்பினோம். அறுப்பு மெஷின் வயல்ல இறங்குறதுக்கு முன்னாடி வண்டி எங்க ரோட்டுல நிக்கணும்.” காத்திருக்கிற லாரிக்குத் தனி வாடகை ஆகுமே என்றேன். “ஆகும்” என்றாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. கமிஷனைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வியாபாரத்தில் எதிராளி பேசாமல் இருந்தால் நாம் பேசிப் பேசிக் கீழே இறங்குவோம், இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். அவளுக்கு நீ சொல்லிக் கொடுத்திருப்பாய் போலிருக்கிறது. கமிஷன் வேண்டாம் என்றேன். ஒரு போகம் என்றேன். “மூணு” என்றாள். இரண்டு என்றேன். “மூணு.” சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அப்புறம் அவளே, “பட்டன் போன் எங்க பாய்?” என்றாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். “இதை நான் வச்சுக்கிறேன். இது அடிச்சா நான்தான் எடுப்பேன்” என்றாள். டீ வந்தது. சர்க்கரை போடாமல் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தேன். கிளம்பும்போது, “சபையில நீங்களே நில்லுங்க பாய். நாங்க இருபது வீடும் வர்றோம், நீங்க சொல்றதைக் கேக்க” என்றாள்.

ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதன் போட்டோவை உனக்கு அனுப்பியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன், ஒன்பது ஆபீசும் படிக்கட்டும். இந்த சம்பா, அடுத்த குறுவை, அதற்கடுத்த சம்பா. அறுவடைக்கு முந்தின சாயங்காலமே ஆறு லாரி அவர்கள் ரோட்டில் நிற்கும், ஆறும் திரையில் தெரியும். வாடகை அன்றைய வாடகை. காத்திருக்கிற நேரத்துக்கான வாடகையும் படுதாவும் என் செலவு. கமிஷன் கிடையாது.